தேயிலைப் பலகைச் சுவர்

என் கணவருக்கு நெஞ்சில் காசநோய் என்று தெரிந்தபோது எங்கள் மகள் இன்னும் உட்காரக்கூடப் பழகவில்லை. சில மாதங்கள் அவரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிறகு, இனி வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம், ஊசிக்கு மட்டும் கிளினிக்குக்கு வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். மருந்து முடிய இரண்டு வருஷம்கூட ஆகலாம், அதுவரை குழந்தையை அவர் பக்கத்தில் விடாதீர்கள் என்றும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் இருந்ததோ ஒரே அறை. அந்த ஒரே அறையில் அப்பாவையும் பிள்ளையையும் எப்படிப் பிரித்து வைப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நாங்களே ஒரு சுவர் கட்டிக்கொண்டோம்.

சுவர் கட்டுவது அவருக்குப் புதிதல்ல. கல்யாணமாகி ஐம்பதுகள் முழுவதும், அதற்குப் பிறகும் சில வருஷம், நாங்கள் குடியிருந்தது சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில். அந்த மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்து, தடுப்புக்கு ஒரு குடும்பம் என்று விட்டிருந்தார்கள். எங்கள் தடுப்பில் கட்டில் போட்டால் நிற்க இடமில்லை, நின்றால் கட்டிலை நிமிர்த்த வேண்டும். பலகை கூரைவரை போகாது. காற்றுக்காக மேலே கம்பிவலை அடித்திருப்பார்கள். அந்த வலை வழியாகக் காற்று வந்ததோ இல்லையோ, மாடியிலுள்ள அத்தனை பேரின் இருமலும் சண்டையும் கருவாட்டு வாசனையும் வந்தன.

அவருக்குத் துறைமுகத்தில் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் வேலை. உடைந்த தேயிலைப் பெட்டிகளை அங்கே ஓரமாகக் குவித்து வைத்திருப்பார்கள், கேட்டால் கொண்டுபோகச் சொல்லிவிடுவார்கள். மெல்லிய பலகை, உள்பக்கம் ஈயத்தாள், ஓரத்தில் தகரப் பட்டை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனிதர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அந்தப் பலகைகளோடு உட்கார்ந்துவிடுவார். சுவரைப் பார்த்தால் ஆணி அடிக்காமல் அவரால் இருக்க முடியாது. சாமிப்படத்துக்கு ஒரு தட்டு, அரிசி டின்னுக்கு ஒரு தட்டு, மடக்கினால் சுவரோடு சேர்ந்துகொள்ளும் ஒரு மேசை. "இது எப்படி இருக்கு?" என்று பத்து வயதுப் பையனைப் போலக் கேட்பார். எங்கள் புடவை வேட்டியெல்லாம் பழைய தேயிலை வாசனை அடித்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு ஜன்னல் செஞ்சு குடுங்க பாப்போம்" என்பேன் நான்.

ஜன்னல் இல்லாத அந்தப் பொந்தில் பகலிலும் விளக்கெரித்துக்கொண்டு எத்தனை வருஷம் இருந்தேன் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. பிள்ளையும் தங்கவில்லை. வெளிச்சமில்லாத வீட்டில் எதுதான் தங்கும் என்று அவர் காதுபடவே புலம்பியிருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தோ பாயோ பேட்டையில் எங்களுக்கு அரசாங்கத்தின் ஒற்றையறை வீடு கிடைத்தது. நாலாவது மாடி. முன்னால் வாசல், பின்னால் சமையலுக்கும் குளிக்கவும் கொஞ்சம் இடம், அறைக்கு ஒரு ஜன்னல். ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிய ஜன்னல். வெளியே பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. வெட்டிப் போட்ட செம்மண், எழும்பிக்கொண்டிருந்த வேறு பிளாக்குகள், விடிந்தால் தொடங்கிவிடும், தூண் இறக்குகிற இடி இயந்திரம், அவ்வளவுதான். நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு அங்கே போய் நின்றுகொள்வேன். குழம்பு அடிப்பிடித்த நாட்கள் உண்டு.

குடிவந்த கையோடு அவர் சுண்ணாம்பில் நீலம் கலந்து சுவரெல்லாம் பூசினார். கை தாராளமாகிவிட்டது. அறை ஊதா நிறத்தில் முழித்தது. "லாண்டரிக் கடை மாதிரி இருக்குங்க" என்றேன். கோபித்துக்கொண்டு மறுபடி வெள்ளை பூசினார். ஜன்னலுக்குச் சிராங்கூன் ரோட்டில் பூப்போட்ட துணி வாங்கித் திரை தைத்தேன். அந்தத் திரைக்குக் கீழே என் தையல் மெஷினைப் போட்டுத் தந்தார். அந்த வீட்டில்தான் எங்களுக்கு மகள் பிறந்தாள். பெயர் வைத்தும் கூப்பிட்டதில்லை, பாப்பா என்றே கூப்பிட்டோம். நன்றாக வாழ்ந்தோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அந்தக் கொஞ்ச காலம்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பி வந்த அன்று, பழைய கடைவீட்டு நண்பர் ஒருவர், மருந்து முடியும்வரை தன் அறையில் வந்து தங்கிக்கொள்ளச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். இவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"பாப்பாவத் தொடக் கூடாதுன்னா தொடல. சத்தத்தையாவது கேட்டுக்கிட்டுக் கிடக்குறேன்" என்றார்.

எங்களுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். பிள்ளைக்கு நோய் ஒட்டக் கூடாது, பிள்ளையை விட்டு அவர் போகவும் கூடாது. அதற்காக வாசலை ஒட்டிய மூலையில், சுவரோரம், ஓர் ஆள் படுக்கும் அளவுக்குப் பலகையால் அடைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். ஜன்னல் பக்கம் முழுதும் பாப்பாவுக்கும் எனக்கும். ஜன்னல் பக்கத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. நெஞ்சுச் சளிக்காரருக்குக் காற்று ஆகாது என்பது யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம். சிங்கப்பூர் வெயிலில், காதை மூடிக் கம்பளி மப்ளர் கட்டிக்கொண்டு வந்து இறங்கிய மனிதர் அவர். பார்க்க வந்த எல்லாரும் அந்த மப்ளரைப் பார்த்து, "ஆமா, அதுதான் நல்லது" என்றார்கள்.

கிட்டங்கி நண்பர்கள் தேயிலைப் பலகைகளைக் கட்டி ஏற்றி வந்து போட்டார்கள். தரையில் கரியால் கோடு கிழித்தார் அவர். ரம்பம் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கும், உட்கார்ந்துவிடுவார். நான் அறுப்பேன். சட்டம் நிறுத்தி, சின்னச் சின்னப் பலகைகளை ஒட்டுத்துணி தைப்பது போல ஒன்றோடொன்று சேர்த்து அடித்தோம். கடைவீட்டில் அடுத்தவர் இருமல் எங்கள்மேல் விழுந்ததை மறக்காமல், இந்த முறை மேலே இடைவெளியே விடாமல் கூரைவரை அடைத்தார். இடுக்குகளில் கோதுமைப் பசை தடவிப் பேப்பர் ஒட்டினார். பாப்பாவின் பக்கம் ஒரு மூச்சுகூடப் போகக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். ஒரு சின்னக் கதவு, அதன் அடியில் தட்டை உள்ளே தள்ள ஒரு திறப்பு. திறப்புக்குக் கீல் வைத்து மேலே தூக்கும்படி செய்திருந்தார்.

"பாத்தியா, சத்தமே வராது" என்று அந்தக் கீலை ஆட்டிக் காட்டினார்.

"ஜெயில்லயும் இப்படித்தான் வப்பாங்களாம்" என்றேன். எனக்கு வாய் அப்படி. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அப்படி ஆரம்பித்தது எங்கள் குடித்தனம். அவர் குளிக்கவோ கிளினிக்குக்குப் போகவோ வெளியே வர வேண்டுமானால் பலகையில் தட்டுவார். நான் உடனே பாப்பாவைத் தூக்கி, அவள் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டு வெளியே நடைபாதைக்குப் போய்விடுவேன். அவர் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போவார். பாப்பா திமிறித் திரும்பிப் பார்த்தால், "பாக்காத, பாக்காத" என்று மறுபடி முகத்தைத் திருப்புவேன்.

மற்ற நேரமெல்லாம் அப்பாவும் மகளும் பலகை வழியாகத்தான். அவள் தவழ்ந்து போய்ப் பலகையில் கையால் அடிப்பாள். உள்ளேயிருந்து அவர் திருப்பித் தட்டுவார். அவள் கெக்கெக்கென்று சிரிப்பாள். "குட்டிம்மா, யாரு அது?" என்று அவர் கேட்டால் பலகையில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். நிற்கப் பழகியது அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டுதான். முதன்முதலில் "ப்பா" என்று சொன்னதும் அதைப் பார்த்துத்தான். அன்றைக்கு அவர் உள்ளே அழுதார் என்று நினைக்கிறேன். அழுகையும் இருமலும் அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் ஒரே மாதிரிதான் கேட்கும்.

அவருக்கு உடம்பு தேறவில்லை. மருந்து தவறாமல் சாப்பிட்டும் இருமல் விடவில்லை, கன்ன எலும்பு இன்னும் துருத்திக்கொண்டு வந்தது. ஒருநாள் கிளினிக்கிலிருந்து ஒரு மிஸி வீட்டைப் பார்க்க வந்தார். நர்ஸை அப்படித்தான் சொல்வோம். நம்மவர்தான், கழுத்தில் சின்னச் சிலுவை. வீடெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர் அந்தச் சின்னக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்த புழுக்கம் எங்கள் முகத்தில் வந்து அடித்தது.

"யாரும்மா இந்தப் பொட்டியக் கட்டுனது?"

"நாங்கதான்" என்றேன்.

"மனுஷன உள்ள வச்சு ஆணி அடிச்சிருக்கீங்களே லா! இவருக்கு வேண்டியதே காத்தும் வெளிச்சமும்தான்."

உள்ளே படுத்திருந்தவர் தலையைத் தூக்கி, "காத்து பட்டா இருமல் கூடிரும்ல மிஸி" என்றார். மப்ளர் கழுத்தில் இருந்தது.

"அந்தக் கழுத்துல கிடக்குறத மொதல்ல எடுங்க. ஜன்னலோரமாப் படுக்கணும். ஜன்னல் தொறந்தே இருக்கணும். அடுத்த தடவை வர்றப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா நான் டாக்டர்ட்ட சொல்லி இவர வார்டுக்கே திருப்பி அனுப்பிருவேன். அப்புறம் எப்ப விடுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

மிஸி சொன்னது சரி. சரியாகச் சொன்னதாலேயே எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கோப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்காமல் போய்விட்டார்.

பெட்டியைப் பிரித்து ஜன்னல் பக்கம் மாற்ற வேண்டும். என் கணவரால் சுத்தியலைத் தூக்க முடியவில்லை. யாரையும் உதவிக்குக் கூப்பிட எனக்கு மனமில்லை. வந்தவர்களெல்லாம் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு வேலை செய்வதை அவர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். பாப்பாவைச் சாரோங் துணித் தொட்டிலில் போட்டு ஆட்டிவிட்டு நானே ஆரம்பித்தேன். அவர் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயைக் கட்டிய துண்டுக்குள்ளிருந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆணியப் பாத்து அடி. கையப் பாக்காத."

"ம்."

"வளைஞ்சிருச்சு பாரு. சொன்னாக் கேக்குறியா நீ?"

"இன்னொரு வார்த்தை பேசுனா உங்களையும் சேத்து வச்சு அடிச்சிருவேன்."

அவர் செய்த வேலையைப் பிரிப்பது லேசாக இல்லை. ஒவ்வோர் ஆணியும் விடமாட்டேன் என்றது. பேப்பர் ஒட்டிய இடுக்குகளைக் கத்தியால் கீறினேன். ஜன்னலை வளைத்து மறுபடி சட்டம் நிறுத்தினேன். மேலே இந்த முறை இடைவெளி விட்டு, கடைவீட்டில் இருந்தது போலவே கம்பிவலை அடித்தேன். எந்த வலையைத் திட்டிக்கொண்டு அத்தனை வருஷம் கிடந்தேனோ அதையே தேக்கா சந்தைக்குப் போய் வாங்கி வந்தேன். என் சுவர் கோணல். பலகைகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நின்றன. வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு முறை பூசியும் பலகைகளில் இருந்த தேயிலைப் பெட்டிகளின் கறுப்பு எழுத்துகள் மறையவில்லை.

முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது எங்கள் பக்கம் இருட்டாக இருந்தது. தையல் மெஷினைக் குழல் விளக்குக்கு அடியில் நகர்த்தினேன். ஒரு ஜன்னலுக்காக எத்தனை வருஷம் காத்திருந்து, கிடைத்த ஜன்னலை என் கையாலேயே பலகை வைத்து அடைத்திருக்கிறேன். அது அவர் உயிர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் துக்கமாக இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குச் சரியாகி வந்தது. இருமல் இறங்கியது, சோறு இரண்டாம் முறை கேட்டார். குரலும் திரும்பியது. ஜன்னலில் தெரிவதையெல்லாம் பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த பாப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். "குட்டிம்மா, மழை வருது, ஒருத்தரு குடைய மறந்துட்டு ஓடுறாரு." அவள் பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். சாப்பாட்டையும் அங்கேதான் ஊட்ட வேண்டும். மாலையில் அவளைக் கீழே கூட்டிப்போய், "அந்தா பாரு அப்பா" என்று நாலாவது மாடியைக் காட்டுவேன். அவர் இரண்டு கையையும் ஆட்டுவார். அவள் எல்லா ஜன்னலுக்கும் கையாட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய்ப் பலகையிடம், "அப்பா, நான் கீழ போனேன்" என்பாள்.

அவளுக்கு மூன்று வயது ஆகப்போகிற சமயத்தில், இனி பயமில்லை, பிள்ளையைத் தூக்கலாம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தியோடு அவர் வந்து நின்றார். மறுநாள் காலையில் பாப்பாவை அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் விட்டுவிட்டு, பலகைகளைப் பிரித்தோம். அவரே பிரித்தார், நான் வாங்கி வாங்கி அடுப்படி ஓரத்தில் சாய்த்து வைத்தேன். என் கோணல் ஆணிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிடுங்கினார். அறை முழுக்க வெயில் வந்துவிட்டது. பிறகு குளித்து, முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தார்.

பாப்பாவைக் கூட்டி வந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டாள். வெளிச்சத்தையும் அந்த மனிதரையும் மாறி மாறிப் பார்த்தாள். துண்டு கட்டாத அவர் முகத்தை, நினைவு தெரிந்து, பக்கத்தில் வைத்து அவள் பார்த்ததே இல்லை.

"குட்டிம்மா" என்றார் அவர்.

குரல் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு அவரைத் தாண்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். சாய்த்து வைத்திருந்த பலகைகளைக் கையால் தட்டி, "அப்பா! அப்பா!" என்றாள். அவர் பின்னாலேயே எழுந்து போய் அவளைத் தூக்கினார். அவள் அலறிய அலறலில் மலாய்க்கார அம்மா ஓடி வந்துவிட்டார். பாப்பா அவரிடமிருந்து திமிறி இறங்கி ஓடி வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்படிப் புதைத்துக்கொள்ள நான்தானே பழக்கியிருந்தேன்.

பழகினால் சரியாகிவிடும் என்று இருந்தோம். அவர் பிஸ்கட் நீட்டினால் வாங்கமாட்டாள். அவர் அறையில் இருந்தால் சாப்பிடமாட்டாள். அவர் பேசினால் குரல் வந்த பக்கம் பார்க்காமல் பலகைகளைப் பார்ப்பாள். வர வர அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். நோயில் கிடந்தபோதுகூட அவர் முகத்தை நான் அப்படி வாடிப் பார்த்ததில்லை. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பாப்பாவை ஒருநாள் அடித்தேகூட விட்டேன்.

"அடிக்காத" என்றார். பிறகு, "அந்தச் சட்டத்த எடுத்துட்டு வா" என்றார்.

"எதுக்கு?"

"எடுத்துட்டு வாயேன்."

பலகை கழற்றாமலே சாய்த்து வைத்திருந்த சட்டங்களில் ஒன்றை இரண்டு பேருமாகத் தூக்கி ஜன்னல் மூலையில் நிறுத்தினோம். நல்ல உடம்போடு இருந்த மனிதர் அதற்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். சட்டம் விழாமல் இருக்க நான் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து பலகையைத் தட்டினார்.

"குட்டிம்மா, யாரு அது?"

பாப்பா ஓடி வந்தாள். பழையபடி பலகையில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்டாள். அம்மா அடித்ததைச் சொன்னாள். அப்புறம் பலகையில் வாயை வைத்து, எனக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா, நம்ம வீட்டுல ஒரு ஆளு வந்திருக்கான். எனக்குப் பயமா இருக்கு. அவனப் போகச் சொல்லு."

பலகைக்கு மேலே எட்டி நான் அவரைப் பார்த்தேன். அவர் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா" என்றார். "போகச் சொல்லிர்றேன்."